இடிமுகன் இறக்கி வைக்காத பஸ்

வெள்ளூரணி கடைத்தெருவுக்கு மேலே ஆலடிப்பட்டி பஸ் ஒன்று ஐப்பசியில் எழும்பிப் பங்குனி வரைக்கும் அந்தரத்தில் நின்றதைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், அந்த வருஷம் கடைத்தெருவில் நல்ல நிழல் இருந்தது என்றுதான் முதலில் சொல்வார்கள். அப்புறம் மழை எப்படி, மிளகாய் என்ன விலை போனது என்று பேச்சு அதன்பாட்டுக்குப் போய்விடும். பஸ்ஸா பெரிது, அதைவிடப் பெரிய வம்பெல்லாம் அந்த ஊரில் நடந்திருக்கிறது. ஓவியர் சோலையப்பனுக்கு மட்டும் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் பஸ்ஸைத் தூக்கியது அவர் வரைந்த கைகள், பஸ்ஸுக்குள் இருந்தது அவருடைய மனைவி தங்கபுஷ்பம்.

பூரணி லித்தோ ஒர்க்ஸில் மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் வந்துகொண்டிருந்த காலம் அது. முதலாளி ராஜாமணி அண்ணாச்சி. கதை வேதமுத்து, தபாலாபீஸில் ஸ்டாம்பு கிழித்துக் கொடுத்துக்கொண்டே உலகத்தை அழிக்கவும் காப்பாற்றவும் யோசிக்கிறவர். படம் சோலையப்பன். மூவருமாகச் சேர்ந்து உண்டாக்கிய வீரன்தான் இடிமுகன். பகலில் ரயில்வே கேட்டைத் திறந்து மூடுகிற சாதுவான ஆள், எங்கேயாவது ஒருவர் ஆபத்து என்று கத்திவிட்டால் முகமூடியும் சிவப்புக் கையுறையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். புத்தகத்தில் கறுப்பும் சிவப்பும் இரண்டே நிறம், அதற்கு மேல் அண்ணாச்சி மை வாங்கமாட்டார்.

சோலையப்பன் கையில் கோடு வித்தை காட்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்குக் கால் வரைய வராது. முழங்கால்வரை சிங்கம்போல் இறங்கி வருகிற கோடு கணுக்காலுக்கு வந்ததும் களிமண் ஆகிவிடும். அதனால் இடிமுகனை எப்போதும் புகையில் நிறுத்துவார், புகை இல்லாத இடத்தில் புல் முளைக்க வைப்பார், புல் முளைக்காத தார் ரோடாக இருந்தால் கால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெட்டியைக் கட்டி, 'அதே சமயம், நகரின் மறுபுறத்தில்...' என்று எழுதச் சொல்லி வேதமுத்துவிடம் கொடுத்துவிடுவார். வாசகர்கள் அதை ஒரு பாணி என்று நினைத்து ரசித்தார்கள். இன்னொரு குறையும் உண்டு. அவருக்குத் தெரிந்த பெண் முகம் ஒன்றுதான். இளவரசியும் தங்கபுஷ்பம், விஞ்ஞானியின் மகளும் தங்கபுஷ்பம், கொள்ளைக்காரி கறுப்புக் கண்ணாடி போட்ட தங்கபுஷ்பம்.

அந்த வருஷத் தீபாவளி மலரின் பெயர் 'இடிமுகனும் கந்தக டாக்டரும்'. கந்தக டாக்டர் பாலத்தைத் தகர்க்கிறான், பாலத்தில் வந்த பஸ் கவிழ்கிறது, விழப்போன பஸ்ஸைக் கீழேயிருந்து இரண்டு சிவப்புக் கைகள் தாங்கிப் பிடிக்கின்றன. அதற்கடுத்த பக்கத்தில் இடிமுகனின் முகம் மட்டும் பெரிதாக வந்து, வாயருகே பேச்சுப் பலூனுக்குள், 'அப்பாடா! எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள்!' என்று சொல்லி முடிப்பதாக ஏற்பாடு. ஆனால் மெஷின் ஏறுகிற அன்று ஒரு பட்டாசுக் கம்பெனியின் விளம்பரம் வந்து நின்றது, தீபாவளி நேரத்தில் பட்டாசுக்காரருக்கு இடமில்லை என்று சொல்கிற ஆள் அந்த வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. அண்ணாச்சி கடைசிப் பக்கத்தைத் தூக்கிவிட்டு அங்கே சரவெடியைப் போட்டார், பஸ்ஸைத் தாங்கிய கைகளுக்கு அடியில் பொடி எழுத்தில் 'தொடரும்' என்று சேர்த்தார், வேலை முடிந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை, பெட்டிக்கடைக் கயிற்றில் மலர் தொங்க ஆரம்பித்த நேரத்துக்குத்தான் தங்கபுஷ்பம் பையைத் தூக்கிக்கொண்டு ஆலடிப்பட்டி பஸ்ஸில் ஏறினாள். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா வீட்டுக்குப் போவோம் என்று அவள் கூப்பிட, ஒவ்வொரு தீபாவளிக்கும் மலர் வேலை இருக்கிறது என்று அவர் சொல்ல, அந்த வருஷம் அவள் கூப்பிடவில்லை. "நான் போறேன்" என்றாள். வாரேன் என்று சொல்லவில்லை. பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டிருந்த சோலையப்பன் அந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை.

பஸ் கடைத்தெரு முக்கில் திரும்பும்போது எழும்பியது. உள்ளே நாற்பது பேராவது இருந்திருப்பார்கள், ஆனால் படத்தில் சோலையப்பன் ஒன்பது ஜன்னல்தான் போட்டிருந்தார், ஆகவே மிச்சப்பேர் பையும் மடியுமாக ரோட்டில் உட்கார்ந்திருக்க, டிரைவர், கண்டக்டர் பால்சாமி, தங்கபுஷ்பம் என்று ஒன்பது பேரோடு பஸ் தென்னை உயரத்துக்குப் போய் நின்றுகொண்டது. அடியில் இரண்டு சிவப்புக் கைகள், மணிக்கட்டு வரைக்கும். அதற்குக் கீழே படக்கட்டத்தின் கோடு வந்துவிட்டதால் கைக்கு உடம்பு கிடையாது. பஸ்ஸும் உள்ளே இருந்தவர்களும் கறுப்பும் சிவப்புமாகத் தெரிந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் ஏணியைச் சாத்திச் சுற்றிச்சுற்றிப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் பஸ்ஸின் வலது பக்கம்தான் இருந்தது. படிக்கட்டு, கம்பி, தொங்குகிற ஆள் என்று வாசல் பக்கம் வரைய வேலை அதிகம் என்பதால் சோலையப்பன் மறுபக்கத்தை வரைந்திருந்தார். பஸ்ஸுக்கு வாசலே இல்லை. ஜன்னல் கம்பியை அறுத்தார்கள், ரம்பத்தில் கறுப்பு மைதான் ஒட்டியது.

ஊர் அன்று சாயங்காலமே பழகிவிட்டது. மறுநாள் தீபாவளி, ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு இறங்கியது, கயிற்றில் கூடை இறங்கியது, கூடையில் இட்லியும் அதிரசமும் புதுத்துணியும் ஏறின. சாப்பாடு ஒன்றுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது, மற்றதற்கு வழியென்ன என்று முதல் நாள் கவலைப்பட்ட கிழங்கள் மறுநாள் கவலையை விட்டன, ஏனென்றால் படக்கதையில் யாரும் அதற்காக ஒதுங்கியதாக ஒரு கட்டமும் கிடையாது. பஸ்ஸின் நிழல் காலையில் ஜவுளிக்கடைப் பக்கமும் மத்தியானம் நடுரோட்டிலும் மாலையில் ஓட்டல் பக்கமும் விழுந்ததால், பூக்காரிகளும் வெள்ளரிக்காய்க்காரர்களும் சாக்கை இழுத்து இழுத்து நிழலோடேயே நகர்ந்தார்கள். தபால்காரர் கடிதத்தைக் கூடையில் போட்டார். பஞ்சாயத்தில் பஸ்ஸுக்குக் கதவிலக்கம் கொடுக்கலாமா என்று யோசித்து, கதவு இல்லாததால் விட்டார்கள். டிப்போவில் டிரைவருக்கும் பால்சாமிக்கும் 'வழியில்' என்று தினமும் எழுதினார்கள். சிவப்புக் கையுறையின் மடிப்பில் ஒரு மாடப்புறா முட்டையிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அந்தக் கைகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

தங்கபுஷ்பம் ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தபடி இருந்தாள். சோலையப்பன் அனுப்பிய கூடையை அவள் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் கூடையில் அவர் வைத்த சீட்டுகளுக்குப் பதிலும் அனுப்பவில்லை. அவருக்கு அது பொறுக்கவில்லை. வீட்டில் இருக்கும்போது அவள் பேச்சைக் காதில் வாங்காத மனுஷன், இப்போது ஒரு வார்த்தைக்காக ரோட்டில் அண்ணாந்து நின்று கழுத்து சுளுக்கிக்கொண்டார். அவள் இறங்கினால் தன்னிடம் வருவாளா என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

எடுத்துவிட்ட கடைசிப் பக்கத்தை அச்சடித்துத் தொங்கவிட்டால் பஸ் இறங்கிவிடும் என்று முதலில் எல்லோரும் நம்பினார்கள். அச்சடித்தார்கள். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். கைகள் அசையவில்லை.

"நான் தெளிவாத்தான எழுதிருக்கேன், எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு," என்றார் வேதமுத்து.

"எழுதுனீரு, இறங்குனதைப் படத்துல எங்கவே காட்டிருக்கு?" என்று அண்ணாச்சி சோலையப்பன் பக்கம் திரும்பினார். "மூஞ்சிய மட்டும் போட்டுட்டு வேலைய முடிச்சிருக்காரு."

"அந்தப் பக்கத்தையே தூக்கிட்டு வெடியப் போட்டது யாரு?" என்றார் சோலையப்பன்.

மூவரும் சேர்ந்து உண்டாக்கியதற்கு மூவரும் மற்ற இருவரைக் காரணம் சொல்லிச் சில வாரங்கள் போயின. கடைசியில் எல்லோருக்கும் ஒன்று புரிந்தது. எழுதினால் போதாது, வரையவேண்டும். வரைந்தால் போதாது, அச்சில் வரவேண்டும். அச்சில் வந்தால் போதாது, கயிற்றில் தொங்கவேண்டும். சோலையப்பன் முதல் வேலையாகப் பஸ்ஸுக்கு வாசல் வரைந்தார், படிக்கட்டு வரைந்தார், படியிலிருந்து ரோடு வரைக்கும் ஓர் ஏணி வரைந்தார். ஏணியின் அடியில் கண்டக்டர் பால்சாமி வந்து நிற்பதாக வரைந்தார், காலடியில் பழக்கதோஷத்தில் கொஞ்சம் புகை போட்டார்.

தாள் தொங்கிய மறுநிமிஷம் வாசல் திறந்தது, பால்சாமி இறங்கி வந்தான், வந்து ரோட்டுக்கு முக்கால் முழம் மேலே புகையில் நின்றான். பாதம் இல்லை. அவன் பெண்டாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனாள், புகையும் கூடவே போனது. வீடெல்லாம் கரி படிந்தது. மற்றவர்கள் வாசலில் வந்து நின்றார்கள், ஆனால் பஸ்ஸுக்குள் இருந்த பாதம் படியில் வைத்ததும் மறைந்துவிட்டது, வரையாத காலை வைத்து எப்படி இறங்குவது?

"அண்ணே," என்று பால்சாமி இருமிக்கொண்டே அச்சகத்துக்கு மிதந்து வந்தான், "எனக்கு நல்லதா ரெண்டு காலு போட்டுக் குடுங்க. பத்துப் பொருத்தம் பாத்துக் கேக்கல, செருப்பு மாட்டுனாப் போதும்."

அன்றிலிருந்து சோலையப்பன் கால் பார்க்கப் புறப்பட்டார். கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்தார், குழாயடியில் உட்கார்ந்தார், சந்தையில் மூட்டை இறக்குகிற இடத்தில் உட்கார்ந்தார். ஊரே கால்மேல் நடக்கிறது என்று அப்போதுதான் முதன்முதலாகக் கண்டதுபோல் ஆச்சரியப்பட்டார். தாள் தாளாக வரைந்து கிழித்தார். ஊரும் சும்மா இருக்கவில்லை, சொந்தக்காரர்கள் அச்சகத்து வாசலில் வந்து குவிந்து ஆளுக்கு ஆள் விவரம் சொன்னார்கள். பால்சாமியின் பெண்டாட்டி அவனுக்கு வலது பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும் என்றாள். டிரைவரின் மகள், அப்பா குதிகாலில் பித்தவெடிப்பு ஆற்றுவழி மாதிரி ஓடும் என்றாள். ஒரு மாமியார் தன் மருமகளுக்குச் சுண்டுவிரல் தரையில் படாது என்று குறையாகவே சொன்னாள், ஆனால் சரியாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல சோலையப்பன் வரைந்தார், ஒவ்வொருவராக இறங்கினார்கள், ஏணியின் கடைசிப் படியிலிருந்து பாதம் ரோட்டில் பட்டதும் கறுப்பும் சிவப்பும் போய் அவரவர் நிறம் வந்தது. பால்சாமிக்குப் புகை விலகியது. அவன் போய் வேறு பஸ்ஸில் டூட்டி ஏறினான்.

அப்படி மாசி முடியும்போது பஸ்ஸில் ஒருத்திதான் மிச்சம்.

சோலையப்பன் பலகைமுன் உட்கார்ந்து தாளை விரித்து, முகத்தை ஒரே மூச்சில் போட்டார். இமையின் வளைவு, காதோரத்து மச்சம், கோபம் வந்தால் மூக்கு சுருங்குகிற இடம், எல்லாம் கை தானாகப் போட்டது. இடுப்பு, கொசுவம், சேலைக்கரை. கரைக்குக் கீழே பிரஷ் நின்றுவிட்டது. அவளுடைய கால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. மெட்டி போட்டிருக்கிறாள் என்பது தெரியும், தானேதான் போட்டார், அன்றைக்கும் போட்டோக்காரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற ஊர் காத்திருந்தது.

"என்னப்பா, சொந்தப் பொண்டாட்டி காலு, யாரு வந்து சொல்லணும்?" என்றார் அண்ணாச்சி. யாரோ சிரித்தார்கள். சோலையப்பனுக்கு அவமானமாக இருந்தது, ஆனால் அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த வாரத்தில்தான் பஸ்ஸைத் தாங்கிய சிவப்புக் கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. மாதக்கணக்கில் தூக்கிப் பிடித்த கை, வீரனின் கையே ஆனாலும் எத்தனை நாள் தாங்கும்? விரல்கள் துடித்தன, பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது, புறா குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நிழலில் கடை போட்டவர்கள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வெயிலுக்கே திரும்பினார்கள்.

அவர் அவசரப்பட்டு ஒரு காரியம் செய்தார். சுவரில் தொங்கிய லட்சுமி காலண்டரைப் பார்த்துத் தாமரைமேல் இருந்த பாதங்களை அப்படியே எழுதி, கொலுசும் நலங்கும் வைத்து, அச்சடித்துத் தொங்கவிட்டார். வாசல் திறந்தது. அழகான இரண்டு பாதங்கள் மட்டும், கணுக்காலுக்கு மேலே யாரும் இல்லாமல், படியில் கொலுசு குலுங்க இறங்கி வந்து, கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நகைக்கடைக்குள் ஏறி அங்கேயே தங்கிவிட்டன. நகைக்கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே தங்கபுஷ்பம் வாசலுக்கு வந்து அந்தப் பாதங்கள் போவதைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அது யாரு காலு?" என்று அவள் குரல் வந்தது. ஐப்பசிக்கு அப்புறம் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"புஷ்பம், எனக்கு ஞாபகம் இல்ல," என்று கடைத்தெருவில் நின்று கத்தினார் சோலையப்பன். "உன் காலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல."

"தெரியலைன்னா மேல வந்து பாருங்க."

தீயணைப்பு ஏணி மறுபடி வந்தது. வரைந்த ஏணியில் ஏற அவருக்கு மனசு வரவில்லை, அந்த ஏணியில் படி சரியாகப் போட்டோமா என்று அவருக்கே சந்தேகம். பலகையைக் கக்கத்தில் இடுக்கி, மைக்குப்பியை மடியில் கட்டிக்கொண்டு, கீழே பார்க்காமல் ஏறினார். சிவப்புக் கைகள் நடுங்க, பஸ் ஆட, பஸ்ஸோடு ஏணியும் ஆட, ஜன்னலுக்கு நேரே வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. கிட்டத்தில் அவள் கறுப்புக் கோடும் சிவப்புப் புள்ளியுமாக இருந்தாள். அந்தக் கோடுகள் தன்னுடையவை என்பது அவருக்கு வெட்கமாக இருந்தது.

தங்கபுஷ்பம் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, இடது பாதத்தைக் கம்பிக்கு நடுவே நீட்டினாள். சிறிய, அகலமான பாதம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நின்றன. புறங்காலில், பெருவிரலிலிருந்து கணுக்கால் வரைக்கும், எலும்பு மேடாகி அதன்மேல் பழைய தழும்பு ஒன்று.

"இது என்ன?" என்றார்.

"உங்க முதல் புஸ்தகம்," என்றாள். "மெஷினுக்கு அச்சுக்கல்லு தூக்க ஆளு வரலைன்னு நானும் ஒரு பக்கம் பிடிச்சேன். கை நழுவி கால்ல விழுந்துருச்சு. நீங்க பலகையில உக்காந்து வரைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்து, கல்லு உடைஞ்சிருச்சான்னு கேட்டீங்க."

"கேட்டேனா?"

"கேட்டீங்க. உடையலைன்னு சொன்னேன். திரும்பிக்கிட்டீங்க."

சோலையப்பனுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததுதான் அவரை அதிகம் உடைத்தது. அவர் ஏணியின்மேல் நின்றபடி, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதார். தங்கபுஷ்பம் காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

"அழுதுகிட்டே இருந்தா மை காஞ்சிரும்," என்றாள்.

வரைந்தார். இடது காலை முடித்ததும் அவள் வலது காலை நீட்டினாள், அதையும் வரைந்தார். புகை இல்லை, புல் இல்லை, பெட்டி இல்லை. தழும்பின் மேட்டை மூன்று முறை அழித்து நான்காவது முறை சரியாகக் கொண்டுவந்தார். கீழே அண்ணாச்சி மெஷினைச் சூடாகவே வைத்திருந்தார், அந்த ஒரு தாளில் விளம்பரம் எதுவும் போடலாமா என்று யாரும் கேட்கத் துணியவில்லை. வேதமுத்து பலூனில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றார் சோலையப்பன்.

தாள் கயிற்றில் தொங்கியது. தங்கபுஷ்பம் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, ஏணியிறங்கி, முதலில் இடது காலை ரோட்டில் வைத்தாள். சேலைக்கு மயில்கழுத்து நிறம் வந்தது. மேலே இரண்டு கைகளும் ஆள் இல்லாத பஸ்ஸைக் கடைத்தெரு ஓரமாக, ஒரு சைக்கிள்கூடச் சாயாமல் இறக்கி வைத்தன, ஒன்றையொன்று பிடித்து விரல் விரலாகச் சொடக்கு எடுத்துக்கொண்டன, அப்புறம் காணவில்லை. ஊர் சரி என்று வேலையைப் பார்க்கப் போனது, வெயிலைத் திட்டிக்கொண்டே.

"ஆலடிப்பட்டிக்கு அடுத்த பஸ் எப்ப?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"இந்தா இறங்கி நிக்குல்ல அக்கா, நம்ம வண்டிதான்," என்றான், பழைய டூட்டிக்கே திரும்பி வந்திருந்த பால்சாமி.

அவள் நடந்தாள். வீடு இந்தப் பக்கம் என்று சொல்ல வாயெடுத்த சோலையப்பன் சொல்லவில்லை. அவள் அம்மா வீட்டுக்குத்தானே புறப்பட்டாள், நடுவில் நின்றது அவர் செய்த தாமதம். அவள் இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் தள்ளி வைத்து நடக்கிறாள் என்பதை இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போய், பஸ் அருகில் நின்றார். போகாதே என்று சொல்ல ஆசையாக இருந்தது, அதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது. பால்சாமி விசிலை வாயில் வைத்தான்.

ஜன்னலில் அவள் முகம் வந்தது.

"பாத்துக்கிட்டே நிக்கிறீங்க. எங்கம்மா வீட்டுக்கு வாறீங்களா, இல்லையா?"

சோலையப்பன் ஏறினார். தங்கபுஷ்பம் அவரைக் கீழேயிருந்து மேலே பார்த்தாள்.

"செருப்பு எங்க?"

"ஏணியில ஏறும்போது கழட்டுனேன். அங்கதான் கிடக்கு."

"கிடக்கட்டும்," என்று சொல்லி ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.